இடது காதில் ஒரு கிடார்

அந்தக் கிடாரை வாசித்தவர் யாரென்று எனக்குப் பல வருஷம் தெரியாது. பாட்டின் பெயரும் தெரியாது. என் அண்ணன் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தபோது, யாருடைய மெஷினிலிருந்தோ அள்ளிக்கொண்டு வந்த பாட்டுகள் அவை. டிராக் ஒன்று, டிராக் இரண்டு என்றுதான் எல்லாவற்றுக்கும் பெயர். என்னுடையது டிராக் ஏழு. 2007இல் அவன் பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது, அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்கிறேன் என்று தன் எம்பி3 பிளேயரை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். சின்ன பென்சில் பேட்டரி ஒன்று போட்டால் வேலை செய்யும். அப்பாவுக்கு ரேடியோ போதும், அம்மாவுக்கு டிவி போதும். மிச்சமிருந்தவள் நான்.

எனக்கும் இங்கிலீஷ் பாட்டுக்கும் அதுவரை ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன் ஆட்கள், கிறிஸ்தவக் குடும்பம். கிடார் என்றால் சர்ச்சில் வாசிப்பதுதான். பாட்டுக்குப் பின்னால் ஜங் ஜங் என்று தட்டிக்கொண்டு, நிறுத்தினால்கூட யாருக்கும் தெரியாத ஒரு வாத்தியம். அதை வாசிப்பவர் கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வருவார், அதனால் அவரைத் தெரியும். கிடார் முன்னால் வந்து பேசும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டிராக் ஏழில் ஒருவன் பாடுவான். என்ன பாடுகிறான் என்பதில் பாதி எனக்குப் புரியாது, மீதிப் பாதியில் எனக்கு அக்கறை இல்லை. அவன் பாடி முடித்ததும் கொஞ்ச நேரம் டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு கிடார் வரும். முதலில் ஒரே ஒரு சுரம். அதை வாசித்துவிட்டு அந்த மனுஷர் பேசாமல் இருந்துவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று நமக்குத்தான் பதறும், அவருக்கு ஒரு அவசரமும் இருக்காது. இரண்டாவது சுரத்தை நேராகப் போய்த் தொடமாட்டார். கீழே இருந்து கம்பியை இழுத்து இழுத்து அங்கே கொண்டுபோவார். போய்ச் சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுவார். சேராது, சேராது, இனிமேல் சேரவே சேராது என்று நாம் கைவிட்ட பிறகு போய்ச் சேரும். சேர்ந்த இடத்தில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கமும் ஒரே சீராக இருக்காது, முதலில் மெதுவாக ஆரம்பித்துப் பிறகு அகலமாகும்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தொண்டை கட்டிய ஒருவர், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். கரகரப்பு உண்டு, ஆனால் காதைக் கீறாது. சுரத்துக்கு அடியில் ஒரு கனம் இருக்கும். விரல் கம்பியில் வழுக்கும் சின்னச் சத்தம்கூடக் கேட்கும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மடமடவென்று மேலே ஏறுவார். இவ்வளவு வேகம் கையில் இருந்தும் இத்தனை நேரம் வெளியே காட்டாமல் இருந்தாரே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும். கடைசிச் சுரத்தை அப்படியே விட்டுவிடுவார். அது சாகாமல், தேய்ந்து, வேறு ஏதோ சத்தமாக மாறி, அதற்குள்ளிருந்து பாடுபவன் மறுபடி ஆரம்பிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தக் கூலிங் கிளாஸ்காரரிடம் பிளேயரைக் கொடுத்து, "இது எப்டிண்ணே வருது?" என்று கேட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது லீடும்மா, தனியா முன்னால வாசிக்கறது. நாங்க வாசிக்கறது ரிதம். டிஸ்டார்ஷன் போட்டா இந்த டோன் தன்னால வந்துரும்" என்றார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரிடமோ அந்த டிஸ்டார்ஷன் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து காலால் அழுத்தி வாசித்தும் காட்டினார். பெட்டிக்குள் ஆடு கத்தியது. தன்னால் எதுவும் வந்துவிடாது, ஆளிடமிருந்துதான் வரவேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவரிடம் நல்லாயிருந்தது என்று சொன்னேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மேஜை நாற்காலி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான், அதனால் எனக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கட்டுப்பாடும் இருந்தன. ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த வருஷங்களில் ரயிலை நிறுத்திவிட்டிருந்தார்கள். ரயிலில் போய்க்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் பஸ்ஸில் ஏறியது. அந்தக் கூட்டத்தில்தான் அவளைச் சிநேகிதம் பிடித்தேன்.

அவள் புதுப்பாளையத்துக்காரி. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நியூ டவுன் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி, இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் டிபன் பையை வைத்துக்கொண்டு வருவாள். ஓ.டி.யில் நான் ஏறும்வரை அந்தப் பைக்காக நான்கு பேரோடு சண்டை போட்டிருப்பாள். ஜன்னல் ஓரம் இல்லையென்றால் அவளுக்குக் குமட்டும். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் அவளுக்கு, உள்பக்கம் எனக்கு. அதில் பேச்சே கிடையாது.

கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் இடத்தைத் தாண்டும்வரை இரண்டு பேரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வோம். தாண்டியதும் நான் பிளேயரை எடுப்பேன். ஒரு இயர்போன்தான் இருந்தது. அதில் ஒரு ஒயர் குட்டை, இன்னொன்று நீளம். குட்டையை நான் என் இடது காதில் வைத்துக்கொள்வேன், நீளமானதை அவள் தன் வலது காதில் வைத்துக்கொள்வாள். அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்ததால் ஒயர் இழுக்காமல் இருப்பதற்கு அதுதான் வசதி. அந்தக் காலத்தில் பஸ்ஸில் எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். காலேஜ் பெண்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், வேலைக்குப் போகும் பையன்கள், யாரைப் பார்த்தாலும் இரண்டு தலைக்கு ஒரு ஒயர்.

சினிமாப் பாட்டெல்லாம் ஓடும். புதுச்சத்திரம் வருவதற்குள் அவளே கேட்டுவிடுவாள். "ஏய், ஒன் பாட்டப் போடுடி."

ஒன் பாட்டு என்பாள். போடுவேன். பாடுபவன் முடித்ததும், "வருது, வருது" என்பேன். அவள் "ம்" என்று தலையாட்டுவாள். கிடார் முடிந்ததும் அவளைப் பார்ப்பேன், அவளும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது எனக்கு வயிறு நிறைந்தது போல இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாத, ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் மூடி வைத்திருந்த ஒரு சந்தோஷம், இன்னொரு உயிருக்கும் தெரியும். எனக்கு அது போதும். உலகத்தில் அந்தக் கிடாரை நான் கேட்கிற மாதிரியே கேட்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை வைத்துத்தான் அந்த வருஷங்களை நான் ஓட்டினேன்.

ஒரு தடவை ஆனித் தேர் சமயத்தில் பஸ் ஏறப் போக முடியாமல் கீழ வீதியில் ஓரமாக நின்றோம். சாமி வந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து, விடாமல், மேலே இழுத்துக்கொண்டே போனார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவள் தோளை இடித்து, "பாரு, நம்ம கிடார் மாதிரியே" என்றேன். "எது?" என்றாள். நான் முறைத்ததும், "ம், ஆமா ஆமா" என்றாள். கூட்டத்தில் காது கேட்டிருக்காது என்று விட்டுவிட்டேன்.

2009இல் அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்குப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. கல்யாணத்துக்குப் போய் பிரியாணிக்குக் காத்திருக்கும் ஆள் போலச் சிரித்துக்கொண்டே நின்றேன், அது சைவக் கல்யாணம் என்பதுகூட நினைவில்லை. மறுநாள் ஓ.டி.யில் பஸ் ஏறினேன். எனக்காக வைத்திருந்த பை எந்த சீட்டிலும் இல்லை. சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனேன்.

அதற்குப் பிறகு பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு அம்மா, தூங்கி என் தோளில் விழும் ஒரு வாத்தியார் அம்மா, போனில் கத்திப் பேசும் ஒரு பெண். நான் இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு கேட்பேன். மற்ற ஒயர் மடியில் கிடக்கும். ஏன் இரண்டு காதிலும் வைத்துக்கொள்ளவில்லை என்று இதைப் படிக்கிற ஆம்பளைகள் கேட்கலாம். பஸ்ஸில் தனியாகப் போகும் பெண் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ள மாட்டாள். பின்னால் எவன் என்ன பேசுகிறான், கண்டக்டர் என்ன கத்துகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு காது காவல் இருக்க வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். அம்மா கூப்பிட்டு நான் "ம்" என்று சொல்லத் தவறினால், "ரெண்டு காதையும் அடச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கியா, குக்கரு எத்தினி விசிலு வுட்டுச்சின்னு தெரியுமா?" என்பாள். அதனால் வலது காது வீட்டுக்கும் ஊருக்கும், இடது காது எனக்கு என்று பழகிவிட்டது. ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் நான் பஸ்ஸிலேயே போனேன். காரணம் கேட்டவர்களிடம் பஸ் ஸ்டாப் கிட்டே என்று சொன்னேன்.

அவளோடு போனில் பேசுவேன். முதலில் அடிக்கடி, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு குழந்தை பிறந்ததும் எப்போதாவது. குழந்தைக்குச் சளி, மாமியாருக்கு முட்டி வலி, அவருக்கு நைட் ஷிப்ட். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கிடாரைப் பற்றி போனில் என்ன பேசுவது?

நடுவில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் நானும் தனியாகப் பேச மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். "ஹாபி எதுனா இருக்கா?" என்றார். "கிடார் கேப்பேன்" என்றேன். "வாசிப்பீங்களா?" "இல்ல, கேப்பேன்." அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் டேங்கைப் பார்த்தார். "சர்ச்ல வாசிக்கறதா?" என்றார். அதுவும்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்குத்தான் வாய் அடங்காதே, "அது கிடாரே இல்லங்க" என்றுவிட்டேன். அவருடைய தம்பி அவர்கள் சர்ச்சில் கிடார் வாசிப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இடம் அமையவில்லை. வேறு இடங்களும் அமையவில்லை, அதற்கெல்லாம் கிடாரைக் குறை சொல்ல முடியாது.

2011 முடியும்போது புயல் அடித்தது. கடலூர் பக்கத்து ஆட்களுக்கு அதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் நின்ற மின்கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை, எதிர் வீட்டு வேப்பமரம் எங்கள் வாசலில் படுத்திருந்தது. எங்கள் கூரையில் சிமென்ட் ஷீட் போட்ட பக்கம் உடைந்துவிட்டது. கரண்ட் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அப்பாவுக்கு மூச்சிழுப்பு அதிகமாகவே அம்மா அவரை விழுப்புரத்தில் அத்தை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஷீட் மாற்றும் ஆள் எப்போது வருவான் என்று தெரியாததால் வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருந்துவிட்டேன். ஆபீசுக்கும் லீவு.

முதல் நாள் தண்ணீர் பிடிப்பதிலும் மரம் வெட்டியதைப் பொறுக்குவதிலும் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் வேலை எல்லாம் முடிந்து கூடத்தில் உட்கார்ந்தேன். ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் உறுமவில்லை, பக்கத்து வீட்டு சீரியல் இல்லை. என் போன் செத்துக் கிடந்தது. கூப்பிட அம்மாவும் இல்லை, விசிலடிக்கக் குக்கரும் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் காவல் வேலை இல்லை. பிளேயரில் பென்சில் பேட்டரி இருந்தது. ஊர் முழுக்க கரண்ட் இல்லாத நேரத்தில் எலக்ட்ரிக் கிடார் கேட்கப்போகிறோம் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. நீளமான ஒயரையும் எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டு டிராக் ஏழைப் போட்டேன்.

பாடுபவன் நெற்றிக்கு நடுவில் வந்து நின்றான். வலது பக்கம் ஒரு ஆர்கன் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டில் ஆர்கன் உண்டு என்றே எனக்குத் தெரியாது. நல்ல ஆர்கன்தான், பாவம், எங்கள் சர்ச்சில் வாசிப்பது போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கிடார் வந்தது. இடது பக்கம் மட்டும் வந்தது. நான் எப்போதும் கேட்கும் அதே இடத்தில், அதே கரகரப்போடு. வலது பக்கம் ஆர்கன் தன்பாட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஏதோ நெருடியது. இடது காதில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன்.

கிடார் இல்லை. சத்தம் குறையவில்லை, தூரத்தில் கேட்கவில்லை, சுத்தமாக இல்லை. டிரம்ஸ் இருந்தது, ஆர்கன் இருந்தது. மறுபடி இடதில் வைத்தேன், இருந்தது. எடுத்தேன், இல்லை. பாட்டை முதலிலிருந்து போட்டு வலது காதால் மட்டும் கேட்டேன். பாடுபவன் பாடி முடித்தான். பிறகு ஆர்கன்காரர் இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு பாடுபவன் மறுபடி ஆரம்பித்தான். அவ்வளவுதான் பாட்டு.

கிடாரை இடது ஒயருக்கு மட்டும் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள், வலது ஒயரை வைத்திருந்த அவளுக்கு அந்தப் பாட்டில் கிடார் லீடே கிடையாது. "வருது, வருது" என்று நான் சொன்ன ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வராத ஒன்றுக்கு "ம்" என்று தலையாட்டியிருக்கிறாள், முடிந்ததும் சிரித்திருக்கிறாள்.

கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். புயலுக்கு அழவில்லை, கூரைக்கு அழவில்லை, இதற்கு அழுதேன். ஷீட் போட வந்த ஆள் பார்த்துவிட்டு, "வுடும்மா, ஊருக்கே இந்தக் கதிதான்" என்றார். நான் ஆமாம் என்றேன். அவள் போன பிறகு நான் தனியாகிவிட்டேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே தனியாகத்தான் இருந்திருக்கிறேன், அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்த காலம் என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தேன், அதையும் அந்த மத்தியானம் கொண்டுபோய்விட்டது.

அவளிடம் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. போன் இல்லை. பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைத்து போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். போனைக் கொண்டுபோய் வரிசையில் நின்றேன், டவர் இல்லை. டவர் வந்தபோது பேச மனம் வரவில்லை. போனில் கேட்டால், "எந்தப் பாட்டு?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பொங்கல் கழிந்து அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் விருத்தாசலம் பஸ் ஏறினேன்.

விருத்தாசலத்தில் மாறி பெண்ணாடம் போய்ச் சேர்ந்தேன். கரும்பு வெட்டும் பருவம். ரோடு முழுக்க டிராக்டர்கள், வழியெல்லாம் உதிர்ந்த கரும்புச் சோகை, ஊர் முழுக்கக் காய்ச்சிய பாகு வாடை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். "இன்னாடி இப்டி எளச்சிட்ட? புயல்ல சோறுகூட இல்லியா அங்க?" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். குழந்தை என்னைப் பார்த்ததும் கத்தி, அழுது, ஓய்ந்து தூங்கியது. சாப்பிட்டோம். மீன் குழம்பு வைத்திருந்தாள், எனக்காக. நான் பிளேயரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னமும் இத வெச்சிருக்கியா?" என்றாள்.

"ரெண்டு காதுலயும் மாட்டு. மாட்டிட்டுக் கேளு."

"நீ?"

"நீ கேளு."

மாட்டிக்கொண்டாள். நான் பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். இப்போது முதல் அடி. இப்போது பாடி முடிக்கிறான். இப்போது டிரம்ஸ் மட்டும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, அந்த ஒற்றைச் சுரம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் கண் இமைத்தது. கம்பி இழுபட்டுப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடமடவென்று ஏறும் இடம் போய்விட்டது. கடைசிச் சுரமும் தேய்ந்திருக்கும். அவள் ஒயரைக் கழற்றினாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"அவ்ளோதானா?"

"வேற இன்னாடி சொல்லணும்? நல்லாதான் இருக்கு. நம்ம கேக்கறப்ப இந்தக் கிடாரு இல்லியே."

"இருந்துச்சு. என் காதுல மட்டும் இருந்துச்சு. ஒன் காதுல வரவே இல்ல. ஒனக்கு ஒண்ணுமே கேக்கல." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "கேக்காமலே நீ எதுக்கு டெய்லி போடச் சொன்ன? எதுக்கு சிரிச்ச?"

அவள் குழந்தை பக்கம் பறந்த ஈயைத் துண்டால் விரட்டினாள்.

"நீ மூச்ச நிறுத்திக்குவ" என்றாள்.

"என்ன?"

"அந்த எடம் வந்தா நீ மூச்ச இழுத்துப் புடிச்சிக்குவ. ஒனக்குத் தெரியாதா? வருது வருதுன்னுவ, அப்பறம் மூச்சே வுட மாட்ட. மொதல்ல எனக்கு பயமாயிருந்துச்சு, இன்னாடா ஆச்சு இவளுக்குன்னு. அப்பறம் நானும் ஒன்கூடப் புடிச்சிக்குவேன். எனக்கு அவ்ளோ நேரம் தம் கட்டாது, நடுவுல ஒரு தபா திருட்டுத்தனமா வுட்டுக்குவேன். நீ வுட்டப்பறம் வுடுவேன். அதுக்குத்தான் சிரிப்பேன். லேபுல நாள் முழுக்க ஊசி குத்தறோம், எல்லாம் மூஞ்ச சுளிக்குதுங்க. காலைல இதுதான் எனக்கு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாட்டுல இன்னா இருக்குன்னு நான் யோசிக்கலடி" என்றாள்.

அவள் பிளேயரை எடுத்து ஒயரைச் சுற்றி என் பையில் போட்டாள்.

"இப்பகூடப் புடிச்ச" என்றாள். "ரெண்டு காதுலயும் எனக்குத்தான் கேட்டுச்சு. ஒனக்கு ஒண்ணும் கேக்கல. அப்பவும் கரெக்டா அங்க புடிச்ச. நான் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

குழந்தை எழுந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டே என்னை பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிக்கொண்டு வந்து, ஏறி, ஜன்னல் ஓரத்து சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினாள். பஸ் கிளம்பும்வரை அவளும் நானும் கரும்பு டிராக்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டால் எனக்குக் கோபம் தீரும், அல்லது உறவு தீரும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இரண்டும் தீரவில்லை. நான் அந்தக் கிடாரைக் கேட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் என்னை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

விருத்தாசலம் தாண்டியதும் டிராக் ஏழைப் போட்டேன். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன், யார் என்ன பேசினால் என்ன என்று இருந்தது. பாடுபவன் முடித்தான். கிடார் வந்தது, அந்த ஒற்றைச் சுரம், அதற்குப் பிறகு அந்தக் காத்திருப்பு. இன்றைக்காவது என் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். கம்பி இழுபட ஆரம்பித்ததும் மறந்துவிட்டது. எல்லாம் முடிந்து பாடுபவன் திரும்பி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வதற்குப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை.